கொட்டகைக்கு வந்தவர்கள்: தமிழகத் திரையரங்கும் பார்வையாளர் வயதும்

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவை நுட்பமாகச் சொல்கிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்குத் தருகிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைக்க வேண்டும் என்பதையும் இளங்கோவடிகள் விடவில்லை. ஆனால் அந்த அரங்கின் எதிரே அமர்ந்தவர்களில் சிறுவர் இருந்தனரா, மூதாட்டியர் இருந்தனரா, அவர்கள் எத்தனை நாழிகை இருந்தனர் என்பது குறித்துக் காதை பேசவில்லை. ஆடியவள் பெயர் நிலைத்தது. கண்டவர் அவை என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போயினர்.

திரைப்பட வரலாற்றிலும் இதே குறை உண்டு. படங்களின் பட்டியல் இருக்கிறது, நடிகர் வரலாறுகள் இருக்கின்றன, பாடலாசிரியர்களின் தொகுப்புகள் இருக்கின்றன. பார்த்தவர்கள் மட்டும் 'ரசிகப் பெருமக்கள்' என்ற ஒரே திரளாக நிற்கிறார்கள். எட்டு வயதுப் பையனும், இருபது வயது இளைஞனும், நாற்பது வயதுத் தாயும், எழுபது வயதுப் பாட்டியும் ஒரே காரணத்துக்காகக் கொட்டகைக்கு வந்தவர்கள் அல்லர். ஒரே காலத்தில் வந்தவர்களும் அல்லர். கேளிக்கை வரிக் கணக்கு சீட்டின் வகுப்பைக் கேட்டதே தவிர வாங்கியவரின் வயதைக் கேட்டதில்லை. ஆகவே இந்த வரலாற்றைக் காட்சி நேரங்கள், சட்டங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், வெற்றி பெற்ற படங்களின் தன்மை ஆகியவற்றிலிருந்தே பொறுக்கியெடுக்க வேண்டியுள்ளது.

திரைப்படத்துக்கு முன் தமிழக ஊர்களில் இரவைப் பகல் ஆக்கியது கூத்து. அங்கே வயதுக்கு வேலியில்லை. பாய் விரித்துக் குடும்பம் முழுவதும் அமரும். குழந்தைகள் தாய் மடியில் தூங்கி, கட்டியங்காரன் வரும்போது எழுந்து, மீண்டும் தூங்கும். கதை தெரிந்த முதியோர் தெரியாத இளையோருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பர். இதற்கு மாறான காட்சி ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பாலர் நாடக சபைகளில் காண்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே அரசரும் முனிவரும் அரசியரும் ஆயினர். மேடையில் பிள்ளைகள் விழித்திருக்க, எதிரே பெரியவர்கள் பார்த்திருந்தார்கள். தமிழ்த் திரையுலகின் முதல் தலைமுறை நடிகர் பலர் இத்தகைய பாலர் சபைகளில் இருந்து வந்தவர்கள் என்பதை நினைத்தால், சினிமா தன் தொடக்கத்திலேயே சிறுவரின் உழைப்பை வாங்கிக்கொண்டது எனலாம். சிறுவரைப் பார்வையாளராகப் பெறுவதற்குத்தான் சிறிது காலம் ஆயிற்று.

சென்னை விக்டோரியா மண்டபத்தில் 1897-ஆம் ஆண்டில் முதற்படக் காட்சி நடந்தபோது அது ஐரோப்பியரும் நகர மேன்மக்களும் கண்ட வியப்பு. அதனை ஊர்ப்புறத்துக்கு எடுத்துச் சென்றவர் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார். அக்காலத்து மௌனப் படங்களில் அமெரிக்கத் தொடர்படங்கள் சென்னையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தன. எடி போலோ என்ற சாகச நடிகர் பெயர் தமிழ் இளைஞர் வாயில் சரளமாகப் புரண்டது. குதித்தல், ஓடுதல், கொள்ளையரைப் பிடித்தல் ஆகிய செயல்களுக்கு மொழி வேண்டியதில்லை. எழுத்தட்டையைப் படிக்கத் தெரியாதவர்க்குத் திரையருகே நின்று கதை சொல்ல ஒருவர் இருந்தார். ஆக, திரையரங்கை முதலில் தம்முடையதாகக் கொண்டவர்கள் நகரத்து இளைஞரும் கூலித் தொழிலாளரும் ஆவர். குடும்பப் பெண்கள் அங்கே செல்வது இழுக்கென்று கருதப்பட்டது.

இதற்குச் சான்று 1927-28-ஆம் ஆண்டுகளில் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இயங்கிய இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவின் ஆவணங்கள். சாட்சியம் அளித்தோரில் பலர் இளைஞரும் சிறுவரும் கெட்டுப்போவது பற்றியே கவலைப்பட்டனர். மேலைநாட்டுப் படங்கள் இந்தியரின் ஒழுக்கத்தைக் குலைக்கின்றன என்ற குற்றச்சாட்டைக் குழு ஏற்கவில்லை. எனினும் வரலாற்று மாணவருக்கு அந்தக் குற்றச்சாட்டே பயனுடையது. முதியோர் யாரைப் பற்றிப் புலம்பினரோ அவர்களே கொட்டகையில் இருந்தார்கள் என்று துணியலாம். புலம்பியவர்கள் பெரும்பாலும் உள்ளே சென்று பாராதவர்கள் என்பதும் அவர்கள் சொற்களிலேயே தெரிகிறது.

பேசும்படம் வந்ததும் நிலைமை மாறியது. 1931-ஆம் ஆண்டு 'காளிதாஸ்' தொடங்கி முதல் பத்தாண்டில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி புராணமும் பக்தியும் பாட்டுமே. இதனைக் கற்பனை வறட்சி என்று குறை கூறுவோர் உண்டு. ஆனால் புராணக் கதைதான் முதியோர்க்கும் பெண்டிர்க்கும் கொட்டகை வாயிலைத் திறந்துவிட்ட திறவுகோல் என்பதை மறந்துவிடலாகாது. 1935-ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தபோது அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்து அழைத்தனர். அப்பணத்தை நியாயப்படுத்தியது அவர் குரலை நாடக மேடையில் கேட்டிருந்த நடுவயதினரின் கூட்டம். 1937-ஆம் ஆண்டில் வந்த இரண்டு படங்கள் இரு வேறு வயதினரை எவ்வாறு பிடித்தன என்பது சுவையானது. கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பாலயோகினி'யில் நடித்த சிறுமி பேபி சரோஜாவைக் கண்ட பெற்றோர் தம் பெண் மகவுகளுக்குச் சரோஜா என்று பெயரிட்டனர். 'சிந்தாமணி'யைக் கண்ட இளைஞரோ தியாகராஜ பாகவதரைப் போல் முடி வளர்த்தனர். 'பாகவதர் கிராப்' வீட்டுக்கு வீடு தந்தையர் சினத்துக்கு ஆளாயிற்று. அதே பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று சென்னை பிராட்வே அரங்கில் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரை மதிக்காத மகன் திருந்தும் கதை அது. முடி வளர்த்த மகனும் சினந்த தந்தையும் தனித்தனியே சென்று பார்க்கத்தக்க படம் அதுவாக இருந்தது.

கிராமத்துக்கு இந்த மாற்றத்தைக் கொண்டு சென்றது டூரிங் டாக்கீஸ் என்னும் பெயர்ச்சிக் கொட்டகை. அதன் அமைப்பு தற்செயலானது அன்று. ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த நிலத்திலோ பொட்டல் வெளியிலோ கீற்றுக்கூரை, தரையில் ஆற்றுமணல், நடுவே இடுப்பளவு தடுப்பு, ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள், பின்னால் சில பெஞ்சுகள், அதற்கும் பின்னால் ஊர்ப் பெரியவர்க்குச் சில நாற்காலிகள். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் கேட்டால் சீட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படும் பெண்களுக்கு அதுவே கடிகாரம்.

இந்த அமைப்பை வயது நோக்கில் காணவேண்டும். மணல் தரை குழந்தைக்கு ஏற்றது. குவித்து மேடாக்கி அமரலாம், தூக்கம் வந்தால் படுக்கலாம். மடியிலிருக்கும் பிள்ளைக்குச் சீட்டு இல்லை. கால் நீட்ட வேண்டிய மூதாட்டிக்கும் மணலே நாற்காலியைவிட நல்லது. வெற்றிலைப் பையோடு வரலாம். ஒரே படக்கருவி இருந்தபடியால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அது குழந்தையை வெளியே அழைத்துச் செல்லவும் கதையை விளக்கவும் உதவியது. பெண்கள் தனியே அமர்ந்ததால் மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டுக் கிழவியும் துணைக்குத் துணையாகச் சேர்ந்து வந்தனர். கொட்டகையில் எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்ததையும், அமரும் இடம் பிறப்பால் அன்றிச் சீட்டு விலையால் முடிவு செய்யப்பட்டதையும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். அதனோடு எல்லா வயதினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். கூத்துக்களம் இழந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தைப் பெயர்ச்சிக் கொட்டகை சில பத்தாண்டுகள் காத்துவைத்தது.

அரசும் இக்காலத்தில்தான் வயதைக் கவனிக்கத் தொடங்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் படங்களை அனைவர்க்கும் உரியவை, வயது வந்தோர்க்கு மட்டும் உரியவை என இரண்டாகப் பிரித்தது. தமிழில் முதலில் 'ஏ' சான்றிதழ் பெற்றது 1951-ஆம் ஆண்டின் 'மர்மயோகி' என்பர். பேயுருவம் வருவதே காரணம். வாட்போரும் மாறுவேடமும் நிறைந்த அப்படத்தைச் சிறுவர்போல் விரும்பியவர் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள். வேப்பமரப் பேய்க்கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் திரைப்பேய் ஆகாது என்று முடிவு செய்தது சட்டம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருநட்சத்திரங்களின் செல்வாக்கை இளைஞர் மன்றங்களைக் கொண்டு மட்டும் அளப்பது முழுமையாகாது. எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தாயை வணங்கினார். ஆகவே தாய்மார் பிள்ளைகளை நம்பி அனுப்பினர், தாமும் உடன் சென்றனர். 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அரசிளங்குமரி'யில் சிறுவனை நோக்கிப் பாடும் அறிவுரைப் பாடலைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். அரங்கில் சிறுவர் இருக்கிறார்கள் என்று தெரிந்த கவிஞன் எழுதிய பாட்டு அது. கவிஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். எதிரே யார் அமர்ந்திருக்கிறார்களோ அவர்களை நோக்கியே பாட்டு பிறக்கிறது. தாலாட்டும், தத்துவப் பாடலும், முதுமையின் ஆற்றாமையும் அக்காலப் படங்களில் மிகுந்திருந்ததற்குக் கவிஞரின் திறம் ஒரு காரணம். கேட்பதற்குத் தாயும் கிழவனும் அரங்கில் இருந்தது மற்றொரு காரணம். சிவாஜி கணேசனின் 'பாசமலர்' 1961-ஆம் ஆண்டில் பெற்ற கண்ணீர் பெரும்பாலும் உடன்பிறந்தானை விட்டு வந்து வாழ்ந்த நடுவயதுப் பெண்களுடையது. சின்னப்பா தேவர் யானையையும் ஆட்டையும் நடிக்கவைத்தபோது சிறுவரை அழைத்தார். சிறுவர் வந்தால் பெரியவர் இருவர் உடன் வந்தாக வேண்டும் என்ற வணிகக் கணக்கு அவருக்குத் தெரியும்.

நகர அரங்குகளில் காட்சி நேரமே வயதைப் பிரித்தது. பிற்பகல் காட்சி, சமையல் முடித்த பெண்களுடையது. மாலைக் காட்சி குடும்பத்தினருடையது. இரவு இரண்டாம் காட்சி உழைப்பாளிகளுடையது. காலைக் காட்சி கல்லூரிக்குப் புறப்பட்டுக் கல்லூரி சேராதவர்களுடையது. சென்னை அண்ணாசாலையில் 1964-ஆம் ஆண்டில் எழுந்த சபையர் வளாகத்தின் புளூ டயமண்ட் அரங்கில் காட்சிகள் இடைவிடாது நடக்கும்; எப்போதும் நுழையலாம், விரும்பும்வரை இருக்கலாம். குளிர்சாதனம் வேறு. அதனால் பயன்பெற்ற மாணவர் தலைமுறை ஒன்று சென்னையில் உண்டு.

எழுபதுகளின் இறுதியில் கூட்டம் இளமை நோக்கிச் சாய்ந்தது. 1977-இல் '16 வயதினிலே', 1980-இல் 'ஒரு தலை ராகம்', 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை', 'பன்னீர் புஷ்பங்கள்' என வரிசையாக வந்த படங்களின் தலைமக்கள் பதின்பருவத்தினர் அல்லது கல்லூரி மாணவர். முன்னைய படங்களில் நாற்பதைக் கடந்த நடிகர் கல்லூரி மாணவராக வந்தபோது யாரும் குறைசொல்லவில்லை. பார்வையாளர் பல வயதினராக இருந்ததால் அந்த ஒப்பனை செல்லுபடியாயிற்று. இப்போது பார்வையாளன் தன் வயதினனையே திரையில் கேட்டான். எண்பதுகளில் மதுரையில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி ரசிகர் மன்றங்களின் உறுப்பினர் பெரும்பாலும் இளம் ஆடவரே என்பதை விரிவாகப் பதிவு செய்துள்ளார்; அவர் நூல் 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

தொலைக்காட்சி வந்தது, அரங்கு காலியாயிற்று என்பது பொதுவான கூற்று. அது பாதி உண்மை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. 'ஒளியும் ஒலியும்' கேட்ட வெள்ளிக்கிழமைகளும் ஞாயிறு மாலைத் திரைப்படமும் வீடுகளை நிறைத்தன. 1987-88-இல் இராமாயணத் தொடர், புராணம் காண்பதற்காகவே கொட்டகைக்கு வந்த முதியோரை வீட்டிலேயே அமர்த்திவிட்டது. 1993-ஆம் ஆண்டுச் சித்திரை முதல் நாளில் சன் தொலைக்காட்சி வந்தது. 1999-இல் தொடங்கிய 'சித்தி' போன்ற நெடுந்தொடர்கள் நடுவயதுப் பெண்களின் கண்ணீரையும் அரங்கிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தன. எல்லாம் சரியே. எனினும் தொலைக்காட்சி எல்லா வயதினரையும் ஒரே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. இளைஞன் வீட்டில் பாடலைப் பார்த்துவிட்டுப் படத்துக்குச் சென்றான். போனவர்கள் முதியோரும், சிறு பிள்ளைகளைத் தூக்கிய தாய்மாருமே.

அவர்களும் விரும்பி மட்டும் போகவில்லை. பெயர்ச்சிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக உரிமம் இழந்து மறைந்தன. நடந்து செல்லும் தொலைவில் இருந்த படம் பேருந்தில் செல்லும் தொலைவுக்குப் போயிற்று. மணல் போய் வரிசை நாற்காலி வந்தது. நல்ல இருக்கை என்பது மாடியில் இருந்தது. மாடிக்குப் படிகள் இருந்தன. மூட்டுவலியுள்ள ஒரு பெண்மணிக்கு 'பால்கனி' என்பது மரியாதையான மறுப்பு. பெண்களுக்கான தனிப் பகுதி மறைந்ததை முன்னேற்றம் என்றே கொள்ளவேண்டும். ஆனால் ஆண்துணையின்றிக் கூட்டமாக வந்துகொண்டிருந்த முதிய பெண்கள் அதனுடன் மறைந்தார்கள். இக்கூட்டம் இருந்தால் எடுக்கப்படும் என்பதற்குச் சான்றாக 1995-இல் தெலுங்கிலிருந்து வந்த 'அம்மன்' திகழ்கிறது. பாட்டிமாரும் பேரக்குழந்தைகளும் வேப்பிலையோடு வந்து அரங்கை நிறைத்தனர். வழி அடைபட்டிருந்ததே தவிர விருப்பம் வற்றவில்லை.

மதுரைத் தங்கம் திரையரங்கு 1952-ஆம் ஆண்டில் 'பராசக்தி'யுடன் தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. அத்தனை பேரை ஒரு படத்துக்கு ஒருசேர அழைக்க எல்லா வயதும் வேண்டும். அவ்வரங்கு இன்று இல்லை. அதைப்போன்ற பல அரங்குகள் கல்யாண மண்டபங்கள் ஆயின. படம் பார்த்த அதே கட்டடத்துக்கு முதியோர் இப்போது மொய்க் கவருடன் செல்கின்றனர். பல்திரை வளாகங்களில் சிறிய அரங்குகள் வந்தன. குறைந்த எண்ணிக்கையில் ஒரே வகைக் கூட்டம் வந்தால் போதும் என்றாயிற்று. அங்கும் விதிப்படி ஒதுக்கப்பட்ட முன்வரிசைப் பத்து ரூபாய்ச் சீட்டு சில காலம் மாணவரின் சொத்தாக விளங்கியது. பெருநடிகர் படங்களின் அதிகாலைக் காட்சிகள் இளைஞர்க்கே உரிய திருவிழா ஆயின. 2023-ஆம் ஆண்டில் அவை தமிழகத்தில் தடைப்பட்டுக் காலை ஒன்பது மணிக்கே முதற்காட்சி என்றானது.

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய அரங்குகள் நவம்பரில் பாதி இருக்கைகளுடன் திறந்தபோதும் முதலில் திரும்பியவர்கள் இளைஞர்களே. அறுபதைக் கடந்தவர்க்கு நோய் அச்சம் தடையாயிற்று. கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் புதுப்படமே வீடு தேடி வந்தது. முதியோரின் வருகைக்கு அத்துடன் முற்றுப்புள்ளி என்று எழுதியவர்கள் உண்டு. அவ்வாறு முடிவுகட்டுவதற்கு முன் இரண்டு நிகழ்ச்சிகளை நோக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டின் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் வெளியானபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. இளமையில் அதைப் பார்த்தவர்கள் மகன், மகள், பேரன் எனத் துணையோடு வந்தனர். 2022 செப்டம்பர் 30-இல் 'பொன்னியின் செல்வன்' முதற் பாகம் வந்தபோது, ஆண்டுக்கணக்கில் அரங்கின் பக்கமே செல்லாத மூத்த வாசகர்கள் சென்றனர். கல்கி 1950-இல் தொடங்கி 1954-இல் முடித்த தொடரை வாரந்தோறும் படித்தவர்களுக்கு அப்போது எழுபதும் எண்பதும் ஆகியிருந்தது.

இளையோர் பக்கத்திலும் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. 2004-ஆம் ஆண்டின் 'கில்லி' 2024 ஏப்ரலில் மீண்டும் திரையிடப்பட்டபோது ஆரவாரித்தவர்களில் பலர் அப்படத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டு வளர்ந்தவர்கள். அதே ஆண்டில் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' தமிழகத்தில் பெருங்கூட்டத்தை ஈர்த்தபோது, 1991-ஆம் ஆண்டு 'குணா'வின் பாடலுக்கு அரங்கமே எழுந்தது. எழுந்தவர்களில் கணிசமானோர் அப்பாடலுக்குப் பின் பிறந்தவர்கள். தொலைக்காட்சி முதியோரை வீட்டில் இருத்தியது என்றால், பழைய படங்களை இளையோர்க்கு அறிமுகம் செய்து அரங்குக்கு அனுப்பியதும் அதுவே.

சட்டமோ வயதை மேலும் நுணுகிப் பிரித்துக்கொண்டிருக்கிறது. 1983-இல் 'யூ/ஏ' என்ற இடைநிலைப் பிரிவு வந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்றாக வகுத்தது. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் அத்திருத்தத்துக்குச் சற்று முன், 2023 ஏப்ரல் 28-இல் கோடை விடுமுறைக்கு வெளியாயிற்று. பகற்காட்சிகளுக்குக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வந்தன. நந்தினி யார், மந்தாகினி யார் என்பதைப் படிக்காத இளையவர்களுக்குப் படித்த மூத்தவர்கள் இருளில் மெல்லச் சொல்ல வேண்டியிருந்தது.